அமைதி கேட்டு ஓர் அறிவிப்பு

கொஞ்சம் அங்கிட்டு நகந்துக்கிடுங்க அண்ணாச்சி. ஆங், போதும் போதும், நமக்கு இவ்வளவு இடம் போதும். எங்க, திருநேலிக்கா? என்ன சொன்னிய? சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காதெல்லாம் நல்லாக் கேக்கும், இப்பல்லாம் ஆளுங்கதான் ரொம்ப மெதுவாப் பேசுதாங்க. நானும் திருநேலிதான். அங்க எறங்கி பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ் பிடிக்கணும். என் வீட்டுக்காரி அங்க அவ தங்கச்சி வீட்டுல இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன். வருவாளா மாட்டாளான்னு மட்டும் கேக்காதிய. அது எனக்கே தெரியல.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. நம்ம வீட்டுல சண்டையே கிடையாது. நான் சொல்லுவேன், அவ கேட்டுக்கிடுவா, அவ்வளவுதான். ஆனா இந்தத் தடவை பாருங்க, ஒரு வார்த்தை ஏசாம பையைத் தூக்கிட்டா. நான் என்ன குடிச்சிட்டு வந்து அடிச்சனா? அவ தலைவலிக்குப் பண்டுவம் பாத்தேன் அண்ணாச்சி. அதுக்குப் போயி ஒருத்தி கோவிச்சுக்கிடுவாளா? நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் சரிதான். நான் அதிகம் பேசுத ஆளு கிடையாது, சுருக்கமாச் சொல்லிருதேன்.

நம்ம பேரு கோமதிநாயகம். சங்கரன்கோயில்ல ஆவுடை சவுண்ட் சர்வீஸ்னு கேள்விப்பட்டிருப்பிய. கேள்விப்படலயா? சவத்த விடுங்க, வெளியூர்க்காரவிய. ஆவுடைங்கது என் பொண்டாட்டி பேருதான். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம மைக்செட்டுதான். நம்ம கோன் ஸ்பீக்கரைப் புளியமரத்து உச்சாணில கட்டிவிட்டா சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் கேக்கும். எல்லா ஸ்பீக்கர்லயும் மஞ்சப் பெயிண்டுல அவ பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். எந்தப் புருசன் செய்வான்?

அவளுக்கு மண்டையிடி. சும்மா தைலத்தைத் தேச்சுட்டுப் போற மண்டையிடி இல்ல, ஒத்தைத் தலைவலி. பாதி மண்டையில ஆணி அடிச்ச மாதிரி இருக்கும்பா. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசம் ஆகாது, குடிச்ச தண்ணி கூட வெளிய வந்துரும். வலி போன பொறகும் தொவச்ச துணி மாதிரி கெடப்பா. கையைத் தூக்க முடியலங்க, காலைத் தூக்க முடியலங்கம்பா. பாக்கதுக்கு எனக்கே பாவமா இருக்கும். பாவமா இருந்தா சும்மா இருக்க முடியுமா அண்ணாச்சி? ஒரு மனுசன் ஏதாவது செய்யணும்லா?

பாளையங்கோட்டையில ஒரு டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போனேன். அவிய ரொம்பத் தன்மை. "இதை ஒரேயடியா வெரட்ட முடியாதும்மா, அடக்கி வச்சுக்கிடலாம்"ன்னாவ. நேரத்துக்குச் சாப்பிடணும், வயித்தைக் காயப் போடக் கூடாது. தண்ணி குடிக்கணும், ஒரே நேரத்துல தூங்கணும், கொஞ்சம் நடக்கணும். அப்புறம் ஒண்ணு சொன்னாவ. "நல்லா இருக்க நாள்ல எல்லாரும் இதைச் செஞ்சிருவாங்க. ஒடம்பு ஓய்ஞ்சு கெடக்க நாள்லதான் எல்லாத்தையும் விட்டுருவிய. அதுலதான் அடுத்த வலி வந்து நிக்கும். அன்னைக்கு முழுசா முடியலன்னா கால்வாசி செய்யுங்க. கால்வாசி போதும், விட்டுர மட்டும் செய்யாதிய."

இதை அவ சிக்குன்னு பிடிச்சுக்கிட்டா அண்ணாச்சி. நல்ல நாள்ல தேரடி வரைக்கும் நடந்துட்டு வருவா. முடியாத நாள்ல வாசப்படி வரைக்கும் போயி ஒரு நிமிசம் நின்னுட்டு வந்து படுத்துருவா. கேட்டா, "இன்னைக்கு இம்புட்டுதான் நடை"ம்பா. நல்ல நாள்ல சோறு பொங்கிச் சாப்பிடுவா. முடியாத நாளுக்குன்னு தலைமாட்டுல ஒரு டப்பாவுல ரஸ்க்கும் ஒரு செம்பு தண்ணியும் இருக்கும். படுத்தமானிக்கே கையை நீட்டி ஒரு ரஸ்க்கை எடுத்து நனைச்சுத் தின்னுக்கிடுவா. தூக்கம் வரலன்னாலும் விளக்கை அமத்திட்டுக் கண்ணை மூடிக் கெடப்பா. ஒரு வருசமா இப்படித்தான் ஓட்டுனா. வலி கொறஞ்சிருக்குன்னு அவளே சொன்னா.

ஆனா எனக்கு மனசு கேக்கல. இதென்னட்டி, வாசப்படி வரைக்கும் போறதுக்குப் பேரு நடையா? ரஸ்க்குக்குப் பேரு சாப்பாடா? நம்ம தொழில்ல கால்வாசி வேலையே கிடையாது பாருங்க. கொடைக்குப் போயி, இன்னைக்குக் கால்வாசிதான் மைக் வேலை செய்யும், மீதிய நீங்களே கத்திக்கிடுங்கன்னு சொன்னா விடுவானா? ஸ்பீக்கரை விட்டுட்டு நம்மளத் தூக்கி மரத்துல கட்டிருவான்.

அப்பதான் இந்தப் பங்குனி வந்துச்சு. ஒரே கொடை, ஓயாத சோலி. ராத்திரியில்ல பகலில்லன்னு வண்டி வரும், ஸ்பீக்கர் பெட்டி எறக்குவாங்க, பெட்டி ஏத்துவாங்க. பெட்டியெல்லாம் நம்ம வீட்டுப் பின்னறையிலதான் கெடக்கும். அவ படுக்கதும் அங்கதான். அங்கதான் இருட்டா இருக்கும். செட்டு வெளிய போறதுக்கு முன்னால நான் லேசா டெஸ்ட் பண்ணிப் பாப்பேன். லேசாத்தான். ஒரு பாட்டு, இல்லன்னா ரெண்டு பாட்டு. அந்த மாசம் அவளுக்கு விட்டு விட்டு வலி. வலி இல்லாத நாள்லயும் ஓய்ஞ்சு போயிக் கெடந்தா. எதனாலன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. வெயிலா இருக்கும்.

சரி, இனி இது நம்ம பொறுப்புன்னு எறங்கிட்டேன். அந்த ரஸ்க் டப்பாவை எடுத்து அடுக்களையில வச்சேன். சீக்காளிக்கு ரஸ்க்கா குடுக்கது? ஆட்டுக்கால் வாங்கிட்டு வந்து, மிளகும் பூண்டும் நல்லாத் தட்டிப் போட்டு, நானே சூப்பு வச்சேன். தெருமுனை வரைக்கும் வாசம். டம்ளரை அவ மூக்குக்கிட்ட கொண்டு போறேன், வாயைப் பொத்திக்கிட்டு எந்திச்சு ஓடுதா. பாத்தியளா, எந்திக்க முடியலன்னவளை ஓட வச்சிட்டேன். சூப்பு ஒண்ணும் வீணாப் போகல, நானே குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

தண்ணி குடிக்க மறந்துரக் கூடாதுல்லா? அதுக்கு ஒரு மணி வாங்கிக் கட்டுனேன், பள்ளிக்கூடத்துல அடிப்பாங்களே, அந்த மாதிரி. இருட்டுல கெடந்தா மனசு சோந்து போயிரும்னு கல்யாண வீட்டுக்குப் போடுற லைட்டு ஒண்ணை அறையில மாட்டிவிட்டேன். காலைல வாசப்படியில நின்னுட்டுத் திரும்புனா விட மாட்டேன். "வா, வா, இன்னும் நாலு எட்டு, வந்துரு"ன்னு கையைத் தட்டுவேன். எதுத்த வீட்டுக்காரங்களும் சேந்து தட்டுவாங்க. மறுநாளு அவ வாசப்படிக்கே வரல. கூச்சம்.

ஒரு நாளு எங்கிட்ட கேட்டா, "ஏங்க, அந்த ரஸ்க் டப்பாவை மட்டும் இங்க வச்சிருங்களேன்"னு. நான் சிரிச்சேன். "ஏளா, நான் இருக்கையில உனக்கு எதுக்கு ரஸ்க்கு"ன்னேன். அவ திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் தாங்குதேன்னு சொன்னதுல அவளுக்கு மனசு நெறஞ்சு போச்சுன்னு நெனச்சேன்.

இனிதான் விசயத்துக்கு வாரேன். அன்னைக்குக் காலைல அவளுக்கு வலி உச்சத்துக்குப் போயிட்டு. பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுது. பழைய இரும்பு வாங்குறவன் ரெக்கார்டைப் போட்டுட்டு வாரான். மூணாவது வீட்டுல ஏதோ பெறந்தநாளுன்னு வெடி போடுதான். எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். மனுசி துடிக்கா, ஊரு கூத்தடிக்கி. ஒவ்வொரு வீடாப் போயிச் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? நம்ம தொழில் நமக்குக் கை குடுக்கணும்லா? மாடியில ரெண்டு கோன் ஸ்பீக்கரைக் கட்டுனேன். அவ அறைக்கு நேர் மேலதான் தோதா இடம் இருந்துச்சு. மைக்கைக் கையில எடுத்தேன்.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். அன்பார்ந்த பொதுமக்களுக்கும், தாய்மார்களுக்கும், வியாபாரப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான அறிவிப்பு. நமது ஆவுடை சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் கோமதிநாயகம் அவர்களின் துணைவியார் ஆவுடையம்மாள் அவர்கள், கடுமையான ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டு வருகின்ற காரணத்தினால், பொதுமக்கள் அனைவரும் பேரமைதி காத்து ஒத்துழைப்பு நல்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். மீண்டும் அறிவிக்கிறோம்..."

எக்கோ கொஞ்சம் கூட வச்சேன். அப்பதான் ஒரு கம்பீரம். கேக்காதவங்களுக்கும் கேக்கட்டும்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். நடுவுல, "மிக்ஸியை உடனடியாக நிறுத்தவும், வெடி வைப்பவர்கள் உடனடியாகக் கலைந்து செல்லவும்"னு தனித்தனியாவும் சொன்னேன். தெருவே அடங்கிட்டு அண்ணாச்சி! காக்கா கூடக் கத்தல. எந்தக் கலெக்டர் வந்து சொன்னாலும் எங்க தெரு அப்படி அடங்காது.

நெஞ்சை நிமித்திக்கிட்டு எறங்கி வந்தேன். "ஏட்டி, பாத்தியா, எப்படி இருக்கு அமைதி"ன்னேன். அவ மூலையில தரையில உக்காந்து ரெண்டு காதுலயும் தலையணையை அமுக்கிக்கிட்டு இருக்கா. கண்ணுல தண்ணி. வலிக் கண்ணீருன்னு நெனச்சேன்.

அதுக்குள்ள வாசல்ல கூட்டம். அறிவிப்பைக் கேட்டுட்டு நாலு தெருவும் வந்துட்டு. நம்ம சனத்துக்கு நல்ல மனசு பாத்துக்கிடுங்க. ஒருத்தி எலுமிச்சம்பழம் கொண்டாந்தா, ஒருத்தி சுக்குப் பத்துப் போடுதேன்னு அரைச்சே கொண்டாந்துட்டா. ஒரு பெரியவர் மந்திரிக்க வந்தாரு. எல்லாரும் உள்ள போயி, "என்னம்மா ஆவுடை, எந்தப் பக்கம் வலிக்கி, எப்பத்துல இருந்து"ன்னு கேக்க, நான் எல்லாருக்கும் காப்பி போடச் சொன்னேன். அவளைத்தான் போடச் சொன்னேன். வேற யாரு இருக்கா?

அவ எந்திச்சா. தலையில துணியைக் கட்டிக்கிட்டு அடுக்களைக்குப் போனா. திரும்பி வரும்போது கையில காப்பி இல்ல, அந்த ரஸ்க் டப்பாதான் இருந்துச்சு. அதைப் பையில வச்சா, ரெண்டு சேலையை வச்சா. "நான் கொஞ்ச நாளு வேலம்மா வீட்டுல போயிப் படுத்துட்டு வாரேன்"ன்னு சொல்லிட்டு அத்தனை பேரு நடுவுல நடந்து போயிட்டா. தெருமுனை வரைக்கும் திரும்பிப் பாக்கல. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வந்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

இப்பச் சொல்லுங்க, யாரு மேல தப்பு? இருங்க, இன்னும் முடியல. சரி, முழுசாக் கேளுங்க.

வேலம்மா என் கொழுந்தியா. தபாலாபீசுல வேலை பாக்கா. வாயில முத்து இருக்கு, தொறந்தா விழுந்துரும்னு பயம். தெனமும் போன் போடுவேன். ஆவுடை எடுக்க மாட்டா, இவதான் எடுப்பா. "எப்படி இருக்கா?" "நல்லா இருக்கா." "சாப்பிட்டாளா?" "சாப்பிட்டா." அவ்வளவுதான், வச்சிருவா. திரும்பத் திரும்பப் போட்டு ஒவ்வொண்ணாக் கேட்டு வாங்குனேன். அங்க அவளுக்கு யாருமே ஒண்ணும் செய்யலங்க. கொழுந்தியா பாட்டுக்கு வேலைக்குப் போயிருதா. இவ பாட்டுக்குக் கதவைச் சாத்திட்டுப் படுத்துக் கெடக்கா. முடிஞ்ச அன்னைக்குத் தெருவைச் சுத்தி நடக்காளாம். முடியாத அன்னைக்கு வாசல்ல நின்னுட்டு வந்து படுத்துருதாளாம். அதே ரஸ்க்கு, அதே தண்ணி. ஏன் நடக்கல, ஏன் திங்கலன்னு கேக்க ஒரு நாதி இல்ல. ஆனா பாருங்க அதிசயத்தை, அங்க போனதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவைதான் வலி வந்துச்சாம். எல்லாம் தாமிரவருணித் தண்ணி செய்யுத வேலை. நம்ம ஊருத் தண்ணி உப்புல்லா.

சொல்லுதேன்னு நெனைக்காதிய அண்ணாச்சி. அவ இல்லாம என்னால முடியல. பச்சையாச் சொல்லுதேன். வீட்டுக்குள்ள போனா ஒரு சத்தமும் இல்ல. அவ இருக்கும்போதும் பெருசா பேச மாட்டா, ஆனா அது வேற. இப்ப ரேடியோவைப் போட்டு வைக்கேன், டிவியைப் போட்டு வைக்கேன், ரெண்டும் சேந்து கத்துது, இருந்தாலும் வீடு வெறிச்சுன்னு கெடக்கு. யார்ட்ட பேசுவேன்? இருபத்தஞ்சு வருசமா நான் பேசுததைக் கேட்ட ஒரே சீவன் அவதான். அவ வரலன்னா என்ன செய்யப் போறேன்னு தெரியல. நேத்து போன் போட்டேன். அவளே எடுத்தா. எனக்குப் பேச்சே வரல, நம்புவியளா? "நாளைக்கு வாங்க, பேசிக்கிடுவோம்"ன்னா. வாரேன்னு சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. பேசிக்கிடுவோம்னா என்ன அர்த்தம்? கட்சிக்காரன் அப்படிச் சொன்னா அதுக்குக் கைவிரிச்சிட்டான்னு அர்த்தம்.

ஆனா நானும் லேசுப்பட்ட ஆளு இல்ல. வந்தா சும்மா கூட்டிட்டு வருவனா? நேத்து போனை வச்ச கையோட நம்ம கூட்டாளி உச்சிமாகாளியும் நானுமாச் சேந்து, தெருமுனையில இருந்து வீட்டு வாசல் வரைக்கும் சீரியல் பல்பு செட்டுக் கட்டிட்டோம். வீட்டு நெத்தியில ஆளு உசரத்துக்கு ஒரு போர்டு. "வருக வருக"ன்னு எழுத்து ஒண்ணொண்ணா வந்து, அப்புறம் மொத்தமாச் சேந்து பளிச் பளிச்னு வெட்டும். ஓரத்துல செவப்பும் பச்சையும் ஓடிக்கிட்டே இருக்கும். சாயங்காலம் நாங்க போயி எறங்கும்போது பாக்கணும், கண்ணைப் பறிச்சிரும்.

என்ன அண்ணாச்சி, எந்திச்சு உக்காந்துட்டிய? என்னது? விட்டு விட்டு எரியுமாவா? பெறவு? விட்டு விட்டு எரிஞ்சாத்தான அது சீரியல் செட்டு. மின்னாம நின்னா அதைப் பாக்க யாரு வருவா? கண்ணைப் பறிக்கணும்னுதான...

அய்யய்யோ.

அவளுக்கு ஆகாதுல்லா. மின்னுனாலே ஆகாதே. ஜன்னல் வெளிச்சத்துக்கே துணியைக் கட்டுதவளை நான் தெரு பூரா... ஏ கோட்டிக்காரப் பயலே, கோமதிநாயகம்! என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்க! இருங்க அண்ணாச்சி, போனைப் போடுதேன். ஸ்பீக்கர்லதான் போடணும், காதுல வச்சா விளங்க மாட்டேங்கி. ஹலோ! ஹலோ, உச்சிமாகாளி! நான்தாம்டே. அந்த சீரியல் செட்டை உடனே அவுத்துரு. என்ன? அவுத்தாச்சா? யாருடே அவுக்கச் சொன்னா?

கேட்டியளா அண்ணாச்சி? நீங்களும் கேட்டியள்ளா? அவதான் சொன்னாளாம். காலைலயே போன் பண்ணியிருக்கா. எல உச்சிமாகாளி, அவளுக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா? சொல்லலயா? அவளாவே, "உங்க அண்ணாச்சி பல்பு கட்டியிருப்பாரு, நான் வரதுக்குள்ள அவுத்து வச்சிருங்க"ன்னாளா? திரும்பச் சொல்லு. நான் வரதுக்குள்ளன்னா சொன்னா? நல்லா யோசிச்சுச் சொல்லுல. நான் வரதுக்குள்ளன்னுதான் சொன்னாளா?

அப்புறம்? வேற என்ன சொன்னா? பின்னறையில இருக்க பெட்டியெல்லாம் வண்டி விடுத ஷெட்டுக்குப் போயிரணுமாம். சரி. மணியைக் கழட்டணுமாம். கழட்டு. அவ தலையணையை வெயில்ல காயப் போடணுமாம். போட்டுட்டியா? திருப்பித் திருப்பிப் போடுல, நல்லாக் காயட்டும். என் பாயையா? என் பாயைத் தூக்கி முன்கூடத்துல போடச் சொன்னாளா? அவ்வளவுதான? போடு. வாசல்லன்னாலும் போடு. வச்சிருதேன்.

ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கண்ணுல தூசி இல்ல, அழுகைதான். நான் என்ன செய்வேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. தெரிஞ்சும் வாரா.

இப்ப எங்க வந்திருக்கோம்? மானூரா? அப்ப திருநேலிக்கு இன்னும் கொஞ்சம் தூரம் கெடக்கு. அவ முன்னால போயி நிக்கும்போது வாயைத் தொறக்காம நிக்கணும் அண்ணாச்சி. அவதான் பேசணும். எனக்கு அது பழக்கம் இல்ல, இப்ப இருந்தே பழகணும். இனி எறங்குத வரைக்கும் பேசமாட்டேன், நீங்க நிம்மதியாத் தூங்குங்க. முழுசா முடியாது, முடிஞ்ச மட்டும் இருந்து பாக்கேன். நீங்க மட்டும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டுறாதிய. கேட்டா பதில் சொல்லிருவேன்.